புல்லில் ஐஸ், வெப்பமானியில் 4 பாகை: பிள்ளைகளுக்கு எப்படி விளக்குவது?

மாலைவகுப்பு டீச்சர் (கந்தப்பளை) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் மாலை வகுப்பு எடுக்கிறேன். தரம் 8 இலிருந்து 11 வரை எல்லாப் பிள்ளைகளும் ஒரே அறையில்தான். நான் உயர்தரத்தில் கலைப்பிரிவு படித்தவள். விஞ்ஞானம் எடுக்க வேறு ஆள் கிடைக்காததால் அதையும் நானே பார்க்கிறேன்.

இந்தக் கிழமை இங்கே துகள் பனி. விடிந்து பார்த்தால் லயத்துக்குக் கீழே இருக்கிற கரட் பாத்தி, கோவாப் பாத்தி, ஓடைக்கரைப் புல் எல்லாம் வெள்ளை வெளேர் என்று கிடந்தது. தரம் 9 பையன் ஒருவன் வகுப்புக் கட்டடச் சுவரில் தொங்கும் வெப்பமானியை விடியற்காலையிலேயே போய்ப் பார்த்துக் கொப்பியில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறான். 4 பாகை செல்சியஸ். "தண்ணீர் 0 பாகையில் உறையும் என்று புத்தகத்தில் இருக்கே டீச்சர், அப்போ புத்தகம் பிழையா, வெப்பமானி பிழையா?" என்று கேட்கிறான். பக்கத்தில் இருந்தவன், "மழையே இல்லையே, அந்த ஐஸ் எங்கிருந்து வந்தது?" என்றான்.

அதோடு விடவில்லை. திண்மம், திரவம், வாயு என்று மூன்று நிலை எல்லாப் பொருளுக்கும் உண்டென்றால் நாம் மூச்சு விடுகிற காற்றும் ஒரு நாள் உறையுமா என்று ஒரு பிள்ளை கேட்டாள். ஐதரசனும் வாயு, ஒட்சிசனும் வாயு, இரண்டும் சேர்ந்தால் எப்படித் தண்ணீர் வரும் என்று இன்னொருத்தி. நல்ல கேள்விகள். அரைகுறையாகப் பதில் சொல்லி அந்த ஆர்வத்தைக் கெடுக்க எனக்கு மனமில்லை. வியாழக்கிழமை வகுப்பு இருக்கிறது. தெரிந்தவர்கள் உதவுங்கள்.

மீப்பிலிமானை உருளை எழுதியது:

தங்கச்சி, காரணத்தைப் படித்தவர்கள் சொல்லட்டும். தோட்டக்காரன் கண்ணுக்குத் தெரிவதை நான் சொல்கிறேன். ராத்திரி வானத்தில் நட்சத்திரம் கொட்டிக் கிடந்து, ஒரு இலைகூட அசையாமல் இருந்தால் அன்றைக்குப் பனி விழும். மேகம் மூடினால் பயமில்லை. காற்று வீசினாலும் பயமில்லை. ஒரே காணியில் மேட்டுப் பாத்தி தப்பிவிடும், ஓடைக்கரைப் பாத்தி கருகிவிடும். உருளைக்கிழங்குச் செடிதான் முதலில் போகும், லீக்ஸ் தாங்கும். பனி வருகிற ராத்திரியில் ஸ்பிரிங்ளரைப் போட்டு, வெயில் ஏறும்வரைக்கும் நிறுத்தாமல் ஓட விடுவோம். பாதியில் நிறுத்தினால் போடாமல் விட்டதைவிட மோசம். இதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், ஏன் என்று அவர்களே யோசிக்கட்டும்.

ஓய்வுபெற்ற விஞ்ஞானம் (அட்டன்) எழுதியது:

டீச்சர், அந்தப் பையனிடம் புத்தகமும் சரி, வெப்பமானியும் சரி என்று சொல்லுங்கள். விடிய எழும்பிப் போய் அளவெடுத்து எழுதிவைத்த பிள்ளையை வகுப்பில் எல்லோர் முன்னாலும் பாராட்டுங்கள். விஞ்ஞானம் அங்கேதான் தொடங்குகிறது.

வெப்பமானி தான் தொங்குகிற இடத்துக் காற்றின் வெப்பநிலையைத்தான் காட்டும். ஐஸ் பிடித்தது சுவரில் இல்லை, புல்லில். இரவில் நிலமும் இலையும் தங்கள் வெப்பத்தை வானத்தை நோக்கிக் கதிர்வீசி இழக்கின்றன. மேகம் இருந்தால் அதில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடும். ஜனவரி, பெப்ரவரியில் மழை ஓய்ந்து வானம் திறந்து கிடக்கும்போது திருப்பிக் கொடுக்க ஒன்றுமில்லை. மெல்லிய புல்லும் இலையும் சுற்றியுள்ள காற்றைவிட வேகமாகக் குளிர்ந்துவிடும். ஆளுயரத்தில் 4 பாகை இருக்கையில் புல் நுனி 0 இற்குக் கீழே போவது சாதாரணம். வானிலை நிலையங்களிலும் வெப்பமானியை வெள்ளைப் பெட்டிக்குள், தரையிலிருந்து 1.2 மீற்றர் உயரத்துக்கு மேல்தான் வைப்பார்கள். புல்மட்டத்துக் குளிரை அறிய வேறொன்றைத் தரையோடு வைப்பார்கள். சுவரின் கதையும் வேறு. பகல் வெயிலை வாங்கி வைத்த கட்டடம் இரவெல்லாம் அதை மெல்ல விட்டுக்கொண்டிருக்கும்.

மீப்பிலிமானைத் தம்பி சொன்ன ஓடைக்கரை விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். குளிர்ந்த காற்று அடர்த்தி கூடியது. அது தண்ணீரைப் போலவே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். காற்று வீசினால் மேலே இருக்கிற சூடான காற்று கலந்துவிடும், பனி பிடிக்காது.

இரண்டாவது பையனின் கேள்விக்கு வருகிறேன். அந்த ஐஸ் காற்றிலிருந்துதான் வந்தது. கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் நீராவி எப்போதும் இருக்கிறது. 0 இற்குக் கீழே குளிர்ந்த இலையைத் தொட்டதும் அது திரவமாகாமலே நேராகத் திண்மமாகப் படிகிறது. அதனால்தான் ஊசி ஊசியாக, இறகு இறகாக இருக்கிறது. அத்தனை சின்னப் பளிங்குகளின் முகங்களில் ஒளி பட்டுச் சிதறுவதால் வெள்ளையாகத் தெரிகிறது. சில காலைகளில் முதலில் பனித்துளி விழுந்து அப்புறம் உறைந்திருக்கும். அது கண்ணாடி மணி மாதிரித் தெளிவாக இருக்கும். பிள்ளைகளிடம் ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கொடுத்து எது எது என்று பிரிக்கச் சொல்லுங்கள், அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஸ்பிரிங்ளருக்கும் காரணம் சொல்கிறேன். 1 கிராம் தண்ணீர் உறையும்போது 334 யூல் வெப்பத்தை வெளியே விடும். அதே 1 கிராம் தண்ணீரை 80 பாகையிலிருந்து 0 வரை குளிரவைத்தால் வருகிற வெப்பம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். தொடர்ந்து தண்ணீர் தெளித்தால் உறைகிற ஒவ்வொரு துளியும் அந்த வெப்பத்தை இலைக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும், இலை 0 இலேயே நிற்கும். நிறுத்திவிட்டால் அந்த ஈரம் ஆவியாகத் தொடங்கி, தனக்கு வேண்டிய வெப்பத்தை இலையிடமிருந்தே பறிக்கும். அதனால்தான் பாதியில் நிறுத்துவது மோசம். இலை கருகியதுபோலத் தெரிவதும் நெருப்பினால் இல்லை. கலங்களுக்கு வெளியே ஐஸ் உண்டாகி, உள்ளே இருக்கிற நீரை இழுத்துவிடும். கலமென்சவ்வு சிதைந்துபோகும்.

இனிக் காற்று உறையுமா என்று கேட்ட பிள்ளைக்கு. அவள் கேட்டது முழுக்கச் சரியான கேள்வி. உறையும். ஆனால் இங்கே இல்லை, பூமியில் எந்த ஊரிலும் தானாக உறையாது. காற்றில் ஐந்தில் நாலு பங்கு நைதரசன். அது −196 பாகையில் திரவமாகும், −210 இல் திண்மமாகும். ஒட்சிசன் −183 இல் திரவமாகும், −219 அளவில் திண்மமாகும். பூமியில் தரைமட்டத்தில் வெப்பமானி வைத்து அளந்ததில் மிகக் குறைந்தது அந்தாட்டிக்காவின் வொஸ்டொக் நிலையத்தில் 1983 இல் பதிவான −89.2 பாகை. அங்கேகூட மூச்சு விடலாம். ஆய்வுகூடத்தில் ஒட்சிசனை 1877 இலேயே துளிகளாகக் கண்டார்கள். 1883 இல் போலந்தின் கிராக்கோ நகரில் ரொப்லெவ்ஸ்கி, ஒல்செவ்ஸ்கி என்ற இரண்டு விஞ்ஞானிகள் அதைக் குழாயில் அமைதியாக நிற்கும் திரவமாகவே எடுத்தார்கள். மெல்லிய நீல நிறத் திரவம் அது.

இதை வீட்டிலேயே காட்டலாம். உங்கள் அலுமாரியில் இருக்கிற தேங்காய் எண்ணெய்ப் போத்தலை எடுங்கள். கந்தப்பளையில் அது கட்டியாகத்தான் இருக்கும். அதே போத்தலைக் கொழும்புக்குக் கொண்டுபோனால் திரவம். எண்ணெய் மாறவில்லை, ஊரின் வெப்பம்தான் மாறியது. ஒரு பொருளைத் திண்மம் என்றோ திரவம் என்றோ சொல்லும்போது எந்த வெப்பநிலையில், எந்த அமுக்கத்தில் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். இந்த ஒன்றைப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானே விளங்கும்.

ஐதரசன், ஒட்சிசன் கேள்விக்குத் தனியாக எழுதுகிறேன். அதை அவசரமாகச் சொல்லக்கூடாது.

ட்ரையர் ரூம் (பொகவந்தலாவ) எழுதியது:

டீச்சர், உங்கள் பிள்ளைகளின் அம்மாமார் எடுக்கிற கொழுந்தையே உதாரணமாகக் காட்டுங்கள். 100 கிலோ பச்சைக் கொழுந்து பெக்டரிக்கு வந்தால் கடைசியில் 21, 22 கிலோ தேயிலைத் தூள்தான் வரும். மிச்சம் எங்கே போனது என்று கேளுங்கள். பெரும்பகுதி தண்ணீர், நீராவியாகிக் காற்றோடு போய்விட்டது. அதில் பாதிக்கு மேல் கொதிக்காமலே போகிறது. வாட்டும்போது கொழுந்தைத் தட்டில் பரப்பிக் கீழிருந்து மின்விசிறியால் காற்று விடுவோம், அவ்வளவுதான். மழையும் மூடுபனியுமாக இருக்கிற நாளில் வாட்டம் பிடிக்காது. அப்போது கொஞ்சம் சூடான காற்றையும் சேர்த்து அனுப்ப வேண்டும்.

எங்களிடம் இரட்டை வெப்பமானி ஒன்று இருக்கிறது. ஒன்றின் குமிழில் ஈரத் துணி சுற்றியிருக்கும், மற்றது வெறுமையாக இருக்கும். ஈரம் ஆவியாகும்போது வெப்பத்தை எடுப்பதால் துணி சுற்றியது குறைவாகக் காட்டும். இரண்டுக்கும் வித்தியாசம் கூடினால் காற்று வறண்டிருக்கிறது, கொழுந்து நன்றாக வாடும். இரண்டும் ஒரே அளவைக் காட்டினால் காற்றுக்கு இனிமேல் ஈரத்தை வாங்க இடமில்லை. சாதாரண வெப்பமானி இரண்டும் பஞ்சும் இருந்தால் வகுப்பிலேயே செய்யலாம்.

இன்னொன்று. உங்கள் பக்கம் தண்ணீர் 100 பாகையில் கொதிக்காது. நுவரெலியா உயரம் கிட்டத்தட்ட 1870 மீற்றர். அங்கே அமுக்கம் குறைவு, 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். கடலை வேக நேரமெடுக்கிறது என்று வீட்டில் சொல்வார்களே, அதுதான் காரணம். அடுப்பை எவ்வளவு எரித்தாலும் திறந்த சட்டியில் தண்ணீர் அதற்குமேல் சூடாகாது.

மாலைவகுப்பு டீச்சர் (கந்தப்பளை) எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தேங்காய் எண்ணெயை எங்கள் வீட்டில் காலையில் அடுப்புப் பக்கத்தில் வைத்துத்தான் தலைக்கு எடுக்கிறோம். இத்தனை நாளும் பாடம் கண்ணெதிரே இருந்திருக்கிறது.

ஐயா, ஐதரசன் கேள்விக்காகக் காத்திருக்கிறேன். கூடவே இரண்டு சந்தேகம். திண்மம் நேராக வாயுவாவதற்குக் கோயிலில் கற்பூரம் எரிவதைச் சொல்லலாமா? அப்புறம், மூலகங்களின் நடத்தையைக் காட்ட ஆய்வுகூடம் இல்லாத இந்த இடத்தில் என்ன இருக்கிறது? ஒரு பையன் வீட்டில் உடைந்த காய்ச்சல் வெப்பமானியில் இருந்த இரசத்தைச் சின்னப் போத்தலில் வைத்திருக்கிறார்களாம். வகுப்புக்குக் கொண்டுவரவா என்று கேட்கிறான்.

ஓய்வுபெற்ற விஞ்ஞானம் (அட்டன்) எழுதியது:

முதலில் கற்பூரம். தீபாராதனையில் எரிவதைப் பதங்கமாதலுக்கு உதாரணமாகச் சொல்ல வேண்டாம். அங்கே கற்பூர ஆவி ஒட்சிசனோடு சேர்ந்து எரிந்து காபனீரொட்சைட்டும் நீராவியும் கரியுமாகிறது. கற்பூரமே இல்லாமல் போய்விடுகிறது, அது இரசாயன மாற்றம். ஒரு கட்டியைக் கொளுத்தாமல் திறந்த டப்பாவில் வைத்து நாள்தோறும் பார்க்கச் சொல்லுங்கள். ஈரமே படாமல் சிறுத்துக்கொண்டு வரும், வாசனை அறை முழுக்க இருக்கும். அதுதான் பதங்கமாதல். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொன்னால் ஒரு பொருள் நிலை மாறுவதற்கும் வேறு பொருளாக மாறுவதற்கும் உள்ள வித்தியாசம் தெளிவாகிவிடும்.

அந்த வித்தியாசத்தில்தான் ஐதரசன் கேள்விக்கும் பதில் இருக்கிறது. ஐஸ், தண்ணீர், நீராவி மூன்றிலும் இருப்பது ஒரே மூலக்கூறு. அவை நெருங்கியிருக்கின்றனவா, நழுவிக்கொண்டிருக்கின்றனவா, பிரிந்து அலைகின்றனவா என்பதுதான் மாறுகிறது. ஐதரசனும் ஒட்சிசனும் சேரும்போது நடப்பது அது இல்லை. இலத்திரன்களைப் பங்குபோட்டுப் புதிய மூலக்கூறு உண்டாகிறது, அதன் குணமும் புதியது. ஐதரசன் எரியும். ஒட்சிசன் எரிய உதவும். இரண்டும் சேர்ந்த தண்ணீர் நெருப்பை அணைக்கும். இதை ஏற்க மனிதர்களுக்கு மிக நீண்ட காலம் எடுத்தது. தண்ணீரே ஒரு மூலகம் என்றுதான் நம்பியிருந்தார்கள். 1783 இல் பிரெஞ்சு விஞ்ஞானி இலவோசியே அது ஒரு சேர்வை என்று எடுத்துச் சொன்னார். அதே பெரிய மனிதர் 1789 இல் வெளியிட்ட மூலகப் பட்டியலில் வெப்பத்தையும் ஒரு மூலகமாக எழுதிவைத்தார். பிள்ளைகள் வெப்பத்தை ஒரு பொருளாக நினைத்துக்கொண்டால் கோபிக்காதீர்கள், பொறுமையாகத் திருத்துங்கள்.

தண்ணீர் ஏன் வாயுவாக இல்லாமல் திரவமாக இருக்கிறது? மூலகங்களைக் குணத்தின்படி வரிசைப்படுத்திய ஆவர்த்தன அட்டவணையில் ஒட்சிசனுக்கு நேர் கீழே கந்தகம் இருக்கிறது. கந்தகமும் இரண்டு ஐதரசனோடுதான் சேரும். அழுகிய முட்டை நாற்றம் வருமே, அந்த ஐதரசன் சல்பைட்டு. மூலக்கூறு தண்ணீருடையதைவிடப் பாரமானது, ஆனாலும் −60 பாகையிலேயே கொதித்து வாயுவாகிவிடும். தண்ணீருக்கு 100 பாகை வேண்டும். ஒட்சிசன் இலத்திரன்களைத் தன் பக்கம் பலமாக இழுப்பதால் தண்ணீர் மூலக்கூறின் ஒரு முனையில் சிறிது மறையேற்றமும் மற்ற முனைகளில் சிறிது நேரேற்றமும் நிற்கின்றன. அதனால் ஒரு மூலக்கூறின் ஐதரசன் பக்கத்து மூலக்கூறின் ஒட்சிசனைப் பற்றிக்கொள்கிறது. இந்த ஐதரசன் பிணைப்பு இல்லாவிட்டால் மகாவலியும் இல்லை, கொத்மலை நீர்த்தேக்கமும் இல்லை, நாங்களும் இல்லை.

ஆய்வுகூடம் இல்லை என்று கவலைப்படாதீர்கள். உங்கள் சுற்றுவட்டாரத்தில் ஒரு மூலகத்தை மட்டும் எடுத்துப் பின்தொடருங்கள் என்றால் நான் அலுமினியத்தைச் சொல்வேன். என் வகுப்புகளில் நான் விரும்பிச் செய்த பாடம் இது.

அடுப்பில் இருக்கிற சட்டி அலுமினியம். தூய உலோகமாக 660 பாகையில் உருகும். அதனால் விறகடுப்பில் தண்ணீர் கொதிக்கும்வரை பயமில்லை, தண்ணீர் வற்றிச் சட்டி காய்ந்தால்தான் ஆபத்து. காற்றுப் பட்டதும் அதன் மேலே மெல்லிய ஒட்சைட்டுப் படை உண்டாகி உள்ளே இருப்பதைக் காக்கும். இரும்பில் வருகிற துரு அப்படிக் காக்காது, உதிர்ந்துகொண்டே போகும். இனி இரத்தினபுரிக்குப் போங்கள். அங்கே சுரங்கத்தில் எடுக்கிற நீலக்கல்லும் அலுமினியமும் ஒட்சிசனும்தான். மிகச் சிறிதளவு இரும்பும் தைத்தேனியமும் கலந்ததால் நீலம் வருகிறது. அவற்றுக்குப் பதில் குரோமியம் கலந்திருந்தால் அதுவே மாணிக்கம், சிவப்பு. அந்தக் கல் உருக 2000 பாகைக்கு மேல் வேண்டும். சட்டியை நசுக்கலாம், நீலக்கல் கண்ணாடியையே கீறும். அதே மூலகம்தான், கூட்டாளியும் பிணைப்பும் வேறு.

அப்புறம் உங்கள் தோட்டத்து மண். களிமண்ணில் நிறைய அலுமினியம் இருக்கிறது, ஆனால் கரையாத கனியமாகக் கிடக்கும். தேயிலை விரும்புவது அமில மண், பி.எச். பெறுமானம் 4.5 இலிருந்து 5.5 வரை (பி.எச். என்பது அமிலத்தைக் காட்டும் எண், 7 இற்குக் கீழே குறையக் குறைய அமிலம் கூடும்). அந்த அமிலத்தில் அலுமினியம் அயனாக, அதாவது மின்னேற்றமுள்ள நுண்துகளாக, கரைந்து வேருக்குள் போகிறது. பல பயிர்களுக்கு அது நஞ்சு. தேயிலை அதைத் தாங்கி இலையில் சேர்த்துவைக்கும், கொழுந்தைவிட முற்றிய இலையில் அதிகம். இன்னொரு செடி அதைப் பூவிலேயே காட்டிவிடும். பங்களாக்களின் வாசலிலும் நுவரெலியா வீதியோரங்களிலும் பந்து பந்தாக நீலமாகப் பூக்கிற ஹைட்ரேஞ்சியாதான். பூவின் நிறப்பொருளோடு அலுமினியம் சேர்ந்தால் நீலம். மண்ணின் அமிலம் குறைந்து அலுமினியம் கரையாமல் நின்றுவிட்டால் அதே செடி இளஞ்சிவப்பாகப் பூக்கும். வெள்ளை வகை மட்டும் மாறாது. கவ்வாத்து வெட்டிய மலைக்கு டொலமைட் (சுண்ணாம்புக்கல் போன்ற ஒரு கல்லின் தூள்) போடுவது அமிலத்தைக் குறைக்கத்தான். இரண்டு தொட்டியில் ஒரே செடியின் தண்டுகளை நட்டு, ஒன்றுக்கு மட்டும் கொஞ்சம் டொலமைட் போட்டு வளர்க்கச் சொல்லுங்கள். பூக்கும்வரை பொறுமை வேண்டும், ஆனால் அந்தப் பிள்ளைகள் பி.எச். என்றால் என்ன என்பதை ஆயுளுக்கும் மறக்கமாட்டார்கள்.

அலுமினியத்துக்குக் கீழே அட்டவணையில் ஒரு வெற்றிடம் இருந்தது. அங்கே இன்ன குணமுள்ள மூலகம் வர வேண்டும் என்று அந்த அட்டவணையை அமைத்த ரஷ்ய விஞ்ஞானி மெண்டலீவ் முன்கூட்டியே எழுதிவைத்தார். 1875 இல் அது பிரான்சில் கிடைத்தது, பெயர் கல்லியம். 29.8 பாகையில் உருகும் உலோகம். கந்தப்பளையில் மேசையில் வைத்தால் திண்மமாகவே கிடக்கும், உள்ளங்கையில் வைத்தால் உருகும், மட்டக்களப்பின் மத்தியான வெயிலில் தானாகவே திரவமாகிவிடும். எடுத்துக்காட்ட உங்களிடம் இருக்காது, இருந்தாலும் கதையாகச் சொல்லுங்கள். தேங்காய் எண்ணெய் பார்த்த பிள்ளைகளுக்கு அது உடனே புரியும்.

இரசத்தைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன், டீச்சர். வகுப்புக்குக் கொண்டுவர விடாதீர்கள். அது −39 பாகை வரை திரவமாக இருக்கும் உலோகம், அழகாக உருண்டோடும், அதனால்தான் பிள்ளைகள் கையில் எடுத்து விளையாடுவார்கள். அறை வெப்பநிலையிலேயே ஆவியாகும். நிறமும் மணமும் இல்லாத அந்த ஆவி மூளையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். மூடிய அறையில், அதுவும் லயத்துச் சின்ன அறையில் கூடுதல் ஆபத்து. போத்தலை இறுக மூடி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில், அடுப்பிலிருந்து தள்ளி வைக்கச் சொல்லுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லி அவர் சொல்கிறபடி ஒப்படைக்கட்டும். கானில் ஊற்ற வேண்டாம், நெருப்பில் போடவே வேண்டாம். இனி எங்காவது வெப்பமானி உடைந்தால் யன்னலைத் திறந்துவிட்டுப் பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். விளக்குமாற்றால் கூட்டினால் இன்னும் சிறிய துளிகளாகச் சிதறும். கெட்டியான காகிதத்தால் மெல்ல ஒன்றுசேர்த்து, மூடியுள்ள போத்தலில் எடுங்கள். வெப்பநிலை அளக்க வகுப்புக்குச் சிவப்புத் திரவம் உள்ள மதுசார வெப்பமானி போதும். இரண்டு வாங்குங்கள், ஒன்றைப் புல்லில் வைக்கவும் ஒன்றைச் சுவரில் தொங்கவிடவும்.

மாலைவகுப்பு டீச்சர் (கந்தப்பளை) எழுதியது:

நன்றி ஐயா. அந்த வீட்டுக்கு இன்று மாலையே போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன்.